டீக்கனுக்குப் போன முழங்கால்கள்

பிரிட்ஜ்டவுன் டெஸ்ட்டின் கடைசி நாளன்று, மதிய உணவு இடைவேளை முடிந்ததிலிருந்து, காப்ளர்ஸ் குடாவில் யாராலும் எழுந்து நிற்க முடியவில்லை. யூலாலி கிட்டன்ஸ் என்ற ஒருத்தியைத் தவிர. அன்று காற்று வடகிழக்கிலிருந்து மிதமாக வீசியது, கோலா மீன் வரத்து இல்லை, படகுகள் எல்லாம் நங்கூரத்தில் கிடந்தன. ஆண்கள் ப்ளாக்கெட்டின் ரம் கடை வாசலிலும், பெண்கள் எதிரே பாதாம் மரத்தடியிலும், பாதிரியார் பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள். கால் போன நேரத்தில் யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருந்தார்கள். வலி ஒன்றும் இல்லை. முழங்காலில் இருக்க வேண்டிய கனம் மட்டும் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கனம் எங்கே போயிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் பதறவில்லை. தீவின் மறுகரையில், தலைநகரத்து மைதானத்தில், வின்ஃபீல்ட் ஸ்கீட் என்ற நாற்பத்தொரு வயது வேகப்பந்து வீச்சாளரின் உடம்பைத் தாங்கிக்கொண்டு அது ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கீட் அந்தக் குடாவில் பிறந்தவன். சிறு வயதிலேயே கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிறவரைப் போன்ற முகம் அவனுக்கு வாய்த்துவிட்டது. எதற்கும் சிரிக்க மாட்டான், எதற்கும் கத்த மாட்டான். அதனால் ஊர் அவனுக்கு டீக்கன் என்று பெயர் வைத்தது, பிறகு உலகமும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. அலை வற்றும் நேரத்தில் ஈர மணலில் அவன் பந்து போட்டுப் பழகுவான். அவன் ஓடத் தொடங்கும்போது கரைக்கு வரும் அலை நின்றுவிடும். பந்து அவன் கையை விட்டுப் போன பிறகுதான் மேற்கொண்டு வரும். அந்த இடைவெளியில் மீனவர்கள் படகை இறக்கிக்கொள்வார்கள். அவன் தேசிய அணிக்குப் போன பிறகு பழையபடி அலையோடு மல்லுக்கட்ட வேண்டி வந்ததே என்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே வருத்தம். மற்றபடி பெர்த்தில் அவன் பந்து எகிறியதையும், லீட்ஸில் மேகத்தின் கீழ் வளைந்ததையும், கல்கத்தாவில் ஒரு லட்சம் பேர் ஒரே மூச்சில் வாயடைத்துப்போனதையும் வானொலியில் கேட்டுக்கேட்டு ஊரில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. கல்யாணங்களுக்குத் தேதி குறிப்பவர்கள் முதலில் அவனுடைய சுற்றுப்பயணம் எப்போது என்றுதான் பார்த்தார்கள்.

யூலாலியின் வீட்டில் மட்டும் வானொலி கிடையாது. அதற்குக் காரணம் அவள் தம்பி கார்லைல். ஒரு காலத்தில் குடாவில் டீக்கனுக்குச் சமமாகப் பேசப்பட்ட ஒரே பெயர் அவனுடையது. டீக்கன் பந்து போடப் பிறந்தவன் என்றால் கார்லைல் அதை அடிக்கப் பிறந்தவன் என்றார்கள். இருவரும் ஒன்றாகத் தீவு அணிக்குப் போவார்கள் என்று ஊர் எதிர்பார்த்த வருடம், ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில், டீக்கன் போட்ட எகிறு பந்து கார்லைலின் இடது காதுக்குப் பின்னால் பட்டது. தலைக்கவசம் அணியாத காலம். கார்லைல் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் காது போயிற்று, காதோடு நிலையும் போயிற்று. அதற்குப் பிறகு தரை அவனுக்குப் படகுத்தளம் போல ஆடிக்கொண்டே இருந்தது. கெட்டியான ஆடாத நிலத்தில் நின்று ஒரு பந்தை எதிர்கொள்ள அவனால் முடியவில்லை. கடலின் ஆட்டமும் அவன் ஆட்டமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுமாதலால் படகில் மட்டும் நேராக நிற்பான். எனவே மீனவன் ஆனான்.

அந்த ஆட்டத்துக்கு அடுத்த நாள் டீக்கன் கிட்டன்ஸ் வீட்டு வாசற்கதவுக்கு வெளியே வந்து நின்றான். ஒன்றும் பேசவில்லை. யூலாலி கதவைத் திறக்கவில்லை. வெயில் சாயும் வரை நின்றவனின் காலடியில், மீன் கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுப்பயணம் முடிந்தும் ஊருக்கு வந்த மறுநாள் வந்து நிற்பான், அவளும் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவாள். பதினெட்டு வருடங்களில் அவனுடைய விக்கெட்டுகள் முந்நூறைத் தாண்டின, தலை நரைத்தது, தபால் தலையில் படம் வந்தது. வாசலில் ஒன்றும் மாறவில்லை. அந்த இடத்தில் மட்டும் புல் நன்றாக வளர்ந்திருந்தது.

அந்தப் பதினெட்டில் பதினாறாவது வருடம் அவனுடைய முழங்கால்கள் போயின. லண்டனில் ஒரு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இனி ஒன்றுமே இல்லை என்று சொன்னாராம். அணியிலிருந்து விலக்கினார்கள். இரண்டு வருடம் அவனைப் பற்றிப் பேச்சில்லை. அந்த வருடம் இங்கிலாந்து அணி வந்தது; தொடர் சமனில் நின்றது; கடைசி டெஸ்ட்டுக்கு முன்னால் இளம் பந்து வீச்சாளர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து அடிபட்டுப் படுத்தார்கள். தேர்வாளர்கள் டீக்கனைக் கூப்பிட்டார்கள். ஒரு பத்திரிகை அவனுக்கு ஊன்றுகோல் வரைந்து கேலிப்படம் போட்டது. அந்த ஞாயிறு காலை அவன் கடலில் முழங்கால்களை ஊறவைக்கக் குடாவுக்கு வந்தபோது, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். கரைக்கு இறங்கும் படிகளை அவன் பக்கவாட்டாக, நண்டு போல இறங்கினான்.

அன்று பிரசங்க மேடையில் பாதிரியார் தயாரித்து வைத்திருந்ததைப் பேசவில்லை. "நம்ம டீக்கனுக்கு அஞ்சு நாளைக்கு ரெண்டு முழங்கால் வேணும்," என்றார். "புதுசு கேட்டா ஆண்டவர் எங்க போவாரு? எங்களோடத எடுத்துக்குங்கன்னு சொல்லுவோம். யாருக்கெல்லாம் சம்மதமோ அவங்க மண்டி போடுங்க." பெஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. கார்லைல் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி மண்டியிட்டான். கோயிலுக்கே வராத ப்ளாக்கெட், செய்தி காதில் விழுந்ததும் கடையில் கல்லாவுக்குப் பின்னால் மண்டியிட்டு, "என்னோடதும் சேத்துக்கங்க, கொஞ்சம் ரம் வாடை அடிக்கும்," என்று சொன்னதாக அவனே பிறகு சொன்னான். மண்டியிடாமல் நேராக உட்கார்ந்திருந்தவள் யூலாலி ஒருத்திதான்.

"எல்லாரும் உன்னையே பாத்தாங்க, அக்கா," என்றான் கார்லைல், வீட்டுக்கு நடக்கும்போது.

"பாக்கட்டும். என் முட்டி மீன் கூடை தூக்கறதுக்கு. அவன் ஓடறதுக்கு இல்ல."

வியாழக்கிழமை ஆட்டம் தொடங்கியது. டீக்கன் தன் முதல் பந்தை வீச முன்னங்காலைத் தரையில் இறக்கிய அதே நொடியில், குடாவில் எல்லோருடைய இடது முழங்காலிலும் உள்ளிருந்து ஒரு தட்டு விழுந்தது. ஒரு ஓவருக்கு ஆறு தட்டு. தையல் மெஷின் மிதிக்கும் பெண்கள் துணி கோணிப்போகிறது என்று ஓவர் முடியும் வரை காத்திருந்து தைத்தார்கள். மேட்டுச் சாலைக்கு ஏறுவது நாளுக்கு நாள் சிரமமாயிற்று. சுகாதார நிலையத்து டாக்டர் வந்து வரிசையாகப் பல முழங்கால்களைத் தட்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கும் அவர் கடல் பக்கத்திலேருந்துதான் போடுவாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டீக்கனோ முதல் இன்னிங்ஸில் அளந்து அளந்துதான் வீசினான். அவன் படியேறி வந்ததைப் பார்த்து அசந்துபோன பத்திரிகைகள், லண்டன் மருத்துவர்களின் பெருமையை எழுதின.

கடைசி நாள் மதியம் இங்கிலாந்து வெற்றிக்கு நூற்றுச் சொச்சம் ரன் தூரத்தில் இருந்தது, கையில் ஆறு விக்கெட் இருந்தது. காலையிலிருந்து ஹார்க்ரீவ்ஸ் என்ற நெட்டையான தொடக்க ஆட்டக்காரன் தாழ்ப்பாள் போட்டது போல நின்றுகொண்டிருந்தான். உணவு முடிந்து வந்ததும் டீக்கன் கேப்டனிடம் பந்தைக் கேட்டு வாங்கினான். தேநீர் இடைவேளைவரை யாரிடமும் கொடுக்கப் போவதில்லை என்பது அவன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்த விதத்திலேயே தெரிந்தது என்று வர்ணனையாளர் சொன்னார். அப்போதுதான் குடாவில் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

யூலாலி சந்தையிலிருந்து காலிக் கூடையோடு இறங்கி வந்தபோது ஊர் அப்படிக் கிடந்தது. அவள் கூடையை வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். வெயில் மாறும் பக்கத்தில் இருந்தவர்களைத் தோளைப் பிடித்து நிழலுக்கு இழுத்தாள். அடுப்பில் கருகிக்கொண்டிருந்த உப்புமீன் வடைகளை எடுத்து ஆளுக்கு இரண்டு கொடுத்தாள், மரப்பட்டை ஊறவைத்த மாபி பானம் ஊற்றினாள், மலர்ப் பாத்திக்குள் புகுந்த ஆடுகளைத் துரத்தினாள், கடலை நோக்கித் தவழ்ந்த ஒரு குழந்தையைத் தூக்கிவந்து தாயின் மடியில் போட்டாள். குழந்தைகளின் முழங்கால்களை டீக்கன் எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னிக்கு இந்த ஊருக்கு நீதான் பஸ்ஸு, நீதான் போலீஸு, யூலாலி," என்றான் ப்ளாக்கெட், கல்லாவில் முதுகைச் சாய்த்தபடி.

"போலீஸுன்னா மொதல்ல உன்னத்தான் புடிக்கணும்."

"புடிச்சுக்க. ஓடவா போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் வானொலியின் வெற்று இரைச்சல் மட்டும் கேட்டது. ப்ளாக்கெட்டின் வானொலிக்கு ஒரு குணம் உண்டு. அதன் ஏரியல் கம்பியை யாராவது வாசற்படியில் நின்று தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால்தான் பேசும். எப்போதும் முறை வைத்துப் பிடிப்பார்கள். எல்லோரும் உட்கார்ந்ததிலிருந்து கம்பி தரையில் கிடந்தது; குழந்தைகளுக்கு உயரம் போதாது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பிறகு யூலாலியைப் பார்த்தார்கள், பிறகு மரியாதையாகக் கடலைப் பார்த்தார்கள்.

"முடியாது," என்றாள் அவள்.

கார்லைல் ஒரு கவிழ்த்த மீன் பெட்டியில் உட்கார்ந்திருந்தான். "அவனுக்காகப் புடிக்காத. எனக்காகப் புடி," என்றான். அவன் அவளிடம் எதையும் கேட்டுப் பல வருடங்களாகியிருந்தது. அவள் கம்பியை எடுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையைத் தூக்கினாள். பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு அவள் காதில் கிரிக்கெட் விழுந்தது அப்படித்தான்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி இப்போதும் தீவில் பேசுகிறார்கள். டீக்கனின் பந்தில் பழைய வேகம் இல்லை. ஆனால் அது வேறு ஏதோ ஒன்றாக ஆகியிருந்தது. ஒரே கையசைவில் ஒன்று வெளியே போயிற்று, ஒன்று உள்ளே வந்தது, ஒன்று இரண்டும் செய்யாமல் நின்று யோசித்துவிட்டுப் போனது போலிருந்தது. ஹார்க்ரீவ்ஸுக்கு அவன் மூன்று பந்துகளை வெளியே கொண்டுபோனான். மூன்றையும் ஹார்க்ரீவ்ஸ் அடிக்காமல் கம்பீரமாக விட்டான். நான்காவதையும் அப்படியே மட்டையைத் தூக்கி வழிவிட்டான். அது பாதி தூரம் வந்த பிறகு மனதை மாற்றிக்கொண்டு உள்ளே திரும்பி நடு ஸ்டம்பைச் சாய்த்தது. வானொலியில் சத்தமே இல்லை. நெடுநேரம் இல்லை.

"கம்பிய ஆட்டாத, யூலாலி," என்றான் ப்ளாக்கெட்.

"நான் ஆட்டல."

அவள் ஆட்டவில்லைதான். வர்ணனையாளர் பேசவில்லை. இருபது வருடம் தொழிலில் இருந்த மனிதர், ஒலிவாங்கிக்கு முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் இருந்தவர்களும் கத்தவில்லை. கோயிலில் தொப்பியைக் கழற்றுவது போல வரிசை வரிசையாகத் தொப்பிகளைக் கழற்றினார்கள். தகரக் கூரை வெயிலில் சடசடப்பது மட்டும் வானொலியில் கேட்டது. தன் கை தானாக இன்னும் கொஞ்சம் உயரப் போயிருந்ததை யூலாலி அப்போதுதான் கவனித்தாள். உடனே இறக்கவும் முடியவில்லை.

தேநீருக்கு முன்னும் பின்னுமாக விக்கெட்டுகள் விழுந்தன, ரன்களும் ஊர்ந்தன. ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இங்கிலாந்துக்கு ஏழு ரன் தேவையாக இருந்தது. கடைசி ஆட்டக்காரன் உள்ளே வந்தான். டீக்கன் தன் ஓட்டத்தின் தொடக்கத்துக்கு நடந்து போனான். "ஸ்கீட் நிற்கிறார்," என்றார் வர்ணனையாளர். "குனிகிறார். முழங்காலைப் பிடிக்கிறார். இல்லை... உட்கார்ந்துவிட்டார். டீக்கன் புல்லில் உட்கார்ந்துவிட்டார்."

ரம் கடையில் ப்ளாக்கெட் தன் காலைத் தொட்டுப் பார்த்தான். அதில் இனி எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கும் தெரிந்தது. ஊர் தன்னிடமிருந்த முழங்கால்கள் அத்தனையையும் அந்த ஒரு பிற்பகலில் செலவழித்திருந்தது. கேப்டன் ஓடிவருகிறார், பந்தைக் கேட்கிறார், டீக்கன் தர மறுத்துத் தலையை ஆட்டுகிறார் என்று வானொலி சொல்லிக்கொண்டே போனது. வாசற்படியில் கம்பியைப் பிடித்து நின்ற யூலாலியின் கால்களைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் மிகவும் பாடுபட்டார்கள்.

"யாரும் அவளக் கேக்கக் கூடாது," என்றான் ப்ளாக்கெட் பொதுவாக. "கேட்டா அப்புறம் என் கடைக்கு வரக் கூடாது."

யாரும் கேட்கவில்லை. கார்லைல்தான் பேசினான். "அக்கா, அன்னிக்கு அவன் போட்டது நல்ல பந்து."

"வாய மூடு."

"நல்ல பந்துக்கா. நான் ஹூக் அடிக்கப் போனேன். நடுவுல கண்ண எடுத்துட்டேன். தப்பு யாரோடதுன்னு உன்கிட்ட யாரும் சொல்லல, நானும் சொல்லல. சொன்னா நீ கோவப்படறதுக்கு ஆளே இல்லாமப் போயிடுமேன்னு விட்டுட்டேன்."

யூலாலி திரும்பிப் பார்த்தாள். "உன் காது போச்சு. உன் கிரிக்கெட் போச்சு. அந்த ஆளு தபால் தலையில இருக்கான். என் காலையும் தூக்கிக் குடுக்கணுமா?"

"அவனுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம்." கார்லைல் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான், அவனுக்கு உட்கார்ந்திருக்கும்போதும் தரை ஆடும். "கேளு. பதினெட்டு வருஷமா நான் படகுல போறப்பெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சுப்பேன். என்னைச் சாச்சவன் உலகத்துலயே பெரிய ஆளுன்னு. அது போதும்னு இருந்தேன். இன்னிக்கு அவன் பாதியில உக்காந்து, அவனச் சுமந்துட்டுப் போனாங்கன்னு கதை முடிஞ்சா... என்னைச் சாச்சவன் சாதாரண ஆளுன்னு ஆயிடக் கூடாதுக்கா."

யூலாலி தன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். வானொலியில் மருத்துவ உதவியாளர்கள் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள். "நான் மண்டி போட்டா கம்பி கீழ வந்துடும்," என்றாள் கடைசியாக. "என்ன நடக்குதுன்னு ஒருத்தருக்கும் கேக்காது."

"பரவால்ல," என்றான் ப்ளாக்கெட். பாதாம் மரத்தடியிலிருந்து பெண்களும் பரவாயில்லை என்றார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து பாதிரியார் கையை மட்டும் உயர்த்தினார்.

யூலாலி மண்டியிட்டாள். கம்பி அவளோடு இறங்கியது, வானொலி இரைந்து செத்தது. குடாவில் அலைச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. அவள் கண்களை மூடியிருந்தாள். முதலில் குளிர்ந்த தண்ணீரில் இறங்குவது போல இருந்தது என்று பின்னர் சொன்னாள். பிறகு முழங்கால்கள் லேசாயின. பிறகு, தரையில் மடங்கிக் கிடந்த அந்தக் கால்களுக்கு அடியில் அவளுக்குப் புல் தெரிந்தது.

"எழுந்துட்டான்," என்றாள்.

எல்லோரும் அவள் பக்கம் சாய்ந்தார்கள்.

"நடக்கறான். திரும்பறான். நிக்கறான். மண்ணக் காலால கீறிப் பாக்கறான்." அவள் குரலில் ஒரு வியப்பு இருந்தது, மீன் கூடை தவிர எதையும் சுமந்தறியாத தன் கால்கள் இவ்வளவு நீளமாக எட்டு வைக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. "ஓடறான். மெதுவா... இப்ப வேகமா. எகிறறான்." அவளுடைய இடது முழங்காலில் விழுந்த தட்டின் சத்தம் பக்கத்தில் இருந்தவர்களுக்கே கேட்டது. "போட்டுட்டான். நின்னுட்டான். நின்னுட்டே இருக்கான்."

"நாலு போயிருக்கும்," என்று முனகினான் ப்ளாக்கெட். "நாலு போனாத்தான் அவ்வளவு நேரம் நிப்பாங்க."

"எட்ஜா இருக்கும், ஸ்லிப்புக்கு நடுவுல போயிருக்கும்," என்றான் இன்னொருவன்.

"எங்க போச்சுன்னு காலுக்குத் தெரியாது. சும்மா இருங்க. திரும்ப நடக்கறான்." அவள் நெற்றியில் வியர்வை அரும்பி மூக்கு நுனி வரை வந்து நின்றது. "கால் நடுங்குது. என்னோடது நடுங்காது, இது அவன் நடுக்கம். நிக்கறான். என்னடா நிக்கற, ஓடு. ஓடுடா." பதினெட்டு வருடங்களில் அவள் டீக்கனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ஓடறான். ஓடறான். எகிறிட்டான்."

தட்டு விழுந்தது. கார்லைல் பெட்டியிலிருந்து முன்னால் சாய்ந்து கிட்டத்தட்ட விழுந்துவிட்டான். "அக்கா. நின்னுட்டானா?"

"இல்ல," என்றாள் யூலாலி மெதுவாக. "நிக்கல. ஓடிட்டே இருக்கான். அவுங்களத் தாண்டி, ஸ்டம்பத் தாண்டி, இன்னும் ஓடறான். இவன் எங்கதான் ஓடறான்?"

விக்கெட் விழாவிட்டால் பந்து வீச்சாளன் நின்று திரும்பி நடப்பான். இது அந்தக் குடாவில் பேசத் தெரியாத குழந்தைகளுக்கும் தெரியும். மேட்டுச் சாலையில் கரும்பு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடிக்கத் தொடங்கியபோது ஊர் ஏற்கெனவே அழுதுகொண்டும் ஒருவரையொருவர் தோளில் அறைந்துகொண்டும் இருந்தது. எழுந்து ஆட முடியாததால் உட்கார்ந்தபடியே ஆடினார்கள். கார்லைல் மட்டும் ஆடவில்லை. அக்காளின் முழங்கால்கள் இருந்த இடத்தில், பாவாடை மேல், கையை வைத்துக்கொண்டிருந்தான். அவை இன்னும் ஓடிக்கொண்டிருப்பது துணிக்கு மேலேயே தெரிந்தது. வாழ்நாளில் ஒரு விக்கெட்டுக்கும் துள்ளாத டீக்கன், அன்று மைதானத்தை முழுவதுமாகச் சுற்றி வந்து, கடல் பக்கத்து வேலியோரம் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு நின்றதாக மறுநாள் பத்திரிகைகளில் வந்தது.

முழங்கால்கள் திரும்பி வர நாளாயின. அதுவரை பக்கத்துக் குடாக்காரர்கள் வந்து படகுகளைக் கவனித்துக்கொண்டார்கள், சீமைப்பலா சுட்டுக் கொடுத்தார்கள், அதற்குப் பதிலாகக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டார்கள். வந்தவற்றில் சில இடம் மாறி வந்தன. பாதிரியாருக்கு ஒரு மீனவனின் வளைந்த நடை வாய்த்தது. ப்ளாக்கெட்டின் வலது முழங்கால் மதுக்கடைக்குள் நுழைய முதல் மாதம் மறுத்தது. அது யாருடையது என்று பெண்களுக்குத் தெரியும், சொல்லவில்லை. யாரும் திருப்பிக் கேட்டுச் சண்டை போடவில்லை.

அடுத்த ஞாயிறு டீக்கன் வந்து கிட்டன்ஸ் வீட்டு வாசற்கதவுக்கு வெளியே நின்றான். நன்றாக, நிமிர்ந்து, இருபது வயதுக்காரனைப் போல நின்றான். யூலாலி கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். அவளுடைய முழங்கால்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

"உள்ள வா," என்று குரல் கொடுத்தாள். "நான் எழுந்து வந்து திறக்கற மாதிரி இல்ல. ஏன்னு உனக்கே தெரியும்."

அவன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்தான். பிறகு கார்லைலைப் பார்த்து, "அன்னிக்கு அப்படி ஒரு பந்து போட்டிருக்க வேண்டாம்," என்றான். பதினெட்டு வருடமாக வாசலில் வைத்துக்கொண்டிருந்தது அதுதான் போலிருக்கிறது.

"ஏன்? நல்ல பந்துதானே," என்றான் கார்லைல். "கண்ண மட்டும் எடுக்காம இருந்திருந்தா சிக்ஸ் போயிருக்கும். கோயில் கூரை மேல."

டீக்கன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத முகம். "போயிருக்காது. அது நீ நெனச்சத விட ஒரு விரக்கடை உசரம். மேல் விளிம்புல பட்டு, ஃபைன் லெக்ல கேட்ச்."

"ஃபைன் லெக்ல அன்னிக்கு யாரு நின்னான்? ப்ளாக்கெட்டு. அவன் புடிப்பானா?"

"ப்ளாக்கெட்டா..." என்று டீக்கன் தடுமாறினான். பிறகு அந்த வீட்டில், வாசலில் கூடியிருந்த பலர் சாட்சியாக, அவன் சிரித்தான். விஷயம் அன்றைக்கு முடியவில்லை. யூலாலி உட்கார்ந்தபடியே வைத்த கூக்கூ என்ற சோளமாவுக் களியும் கோலா மீன் குழம்பும் ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் கரண்டிகளையும் உப்புக் கிண்ணத்தையும் நகர்த்தி நகர்த்தி வாதாடினார்கள். நடுவில் அவள் இரண்டு தடவை அதட்டினாள். டீக்கன் அதற்குப் பிறகு ஆடவில்லை. அவன் கால்கள் அந்த வாரத்திலேயே பழையபடி வற்றிவிட்டன. ஞாயிறுதோறும் பக்கவாட்டாகப் படியிறங்கி வந்து கார்லைலோடு படகில் போய்க்கொண்டிருந்தான். படகில் இரண்டு பேருமே நேராக நின்றார்கள்.

யூலாலியின் முழங்கால்கள் ஊரில் எல்லோருக்கும் கடைசியாக வந்தன, வந்தபோது தனியாக வரவில்லை. கூடை நிறைய மீனோடு அவள் காலையில் மேட்டுச் சாலைக்கு ஏறுவாள். மேலே ஏறியதும் சற்று நிற்பாள், காலால் மண்ணைக் கீறுவாள், பிறகு மெதுவாக எட்டு வைத்துத் தொடங்கி, போகப் போக நீட்டி, கடைசி எட்டில் எகிறி இடது காலை ஊன்றிப் பேருந்தில் ஏறுவாள். ஒரு மீன் கீழே விழாது. அறுபது வயதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான். பிரிட்ஜ்டவுன் பேருந்தின் ஓட்டுநர்கள் அந்த நிறுத்தத்தில் மட்டும் வண்டியைச் சற்று முன்னால் தள்ளி நிறுத்துவார்கள், புதிதாக வருகிறவர்களுக்கும் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள். அவளுக்கு ஓடி வர இடம் வேண்டும்.